ஆசிரியர் ஆகணும், மேலேயும் படிக்கணும்: வீட்டின் முதல் பட்டதாரிகள் கேட்கும் கேள்விகள்

மார்கழி பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "சார், பி.எட். முடிச்சிட்டேன், அடுத்து என்ன?" கேட்பவர்களில் பெரும்பாலோர் அவரவர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தறி ஓட்டும் வீடு, செங்கல் சூளை, மலையடிவார ஊர், மீனவர் குப்பம் என்று எங்கிருந்தும் வருவார்கள். கல்வியியல் கல்லூரியில் பாடம் நடத்துவது என் வேலை. விண்ணப்பம் பார்த்துக் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. என்னிடம் வந்து இடத்தைத் தவறவிட்டவர்களை எண்ணிப் பார்த்தால், தேர்வில் தோற்றவர்களைவிடச் சான்றிதழில் தோற்றவர்களே அதிகம். அதனால் கீழே அந்தப் பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எட். படிக்கவா, எம்.ஏ. கல்வியியல் படிக்கவா?

எம்.எட். சேரக் கையில் பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டம் இருக்க வேண்டும். பி.எட். கல்லூரியில் பாடம் நடத்த நினைப்பவர்களுக்கு அதுதான் நேர்வழி. எம்.ஏ. கல்வியியலுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். பாடத்திட்டம் எழுதுவது, பள்ளிகளோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள், கல்வி ஆய்வு என்று போக விரும்புகிறவர்களுக்கு இது பொருந்தும். பி.எட். முடித்து, எம்.ஏ. கல்வியியலும் முடித்து, இரண்டிலும் 55 சதவீதம் வைத்திருப்பவர்கள், பி.எட். கல்லூரிகளில் கல்வியியல் அடிப்படைத் தாள்களை நடத்தவும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்.சி.டி.இ.) 2014 விதிகளில் இடம் உண்டு. இது பல கல்லூரி அலுவலகங்களுக்கே தெரியாது.

இப்போது இரண்டுமே இரண்டாண்டுப் படிப்புகள். எம்.எட்.டை ஓராண்டாக்கும் வரைவு 2025-ல் வெளியானது. சேரும் ஆண்டில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டெட் எழுதி வேலைக்குப் போனால் போதாதா?

போதும். பள்ளியில் பாடம் நடத்துவதுதான் ஆசை என்றால் தகுதித் தேர்வையும் (டெட்) ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வையும் எழுதுங்கள். அதற்கு எம்.எட். தேவையே இல்லை. "சும்மா இருக்கிறதுக்கு எம்.எட். போடலாம்னு" என்று சொல்கிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால் கணக்கு வேறு. முதுகலைப் பட்டத்தோடு, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேறியிருக்க வேண்டும். உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று சில ஆண்டுகள் பேச்சு ஓடியது. 2023 ஜூலையில் யு.ஜி.சி. அதை விருப்பத் தகுதியாக மாற்றிவிட்டது. பி.எச்டி. இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்று யாராவது சொன்னால் பழைய கதை பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

நம் ஊரில் எம்.எட். கல்லூரிகள் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. வெளியே போகத் துணிந்தால், தென்மாநிலங்களுக்கென்று 1963-ல் தொடங்கிய மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை 1947-லிருந்து இயங்குகிறது. அதற்கும் பல மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைத் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வியியலுக்குத் தனித் தேர்வும் நேர்காணலும் நடக்கும். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோவில் தொலைநிலை எம்.ஏ. கல்வியியல் உண்டு.

ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு உட்காராதீர்கள். உள்ளூரில் ஒன்று, வெளியூரில் இரண்டு. அதற்கு மேல் போட்டால் எதையும் ஒழுங்காக எழுத முடியாது.

சாதிச் சான்றிதழ்தான் இருக்கிறதே, ஓ.பி.சி. சான்றிதழ் எதற்குத் தனியாக?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நாம் நீட்டும் அட்டையில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருக்கும். அது மாநில அரசின் 69 சதவீத ஒதுக்கீட்டுக்கானது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு எம்.பி.சி. என்ற பிரிவே கிடையாது. அங்கே இருப்பது ஓ.பி.சி. 27 சதவீதம். அதிலும் 'கிரீமி லேயர்' எனும் வசதி படைத்த பிரிவில் இல்லாதவர்களுக்கு மட்டும். அதற்கு மத்திய அரசின் படிவத்தில் தாசில்தார் கையெழுத்திட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். மாநில அட்டையைக் கொண்டுபோனால் பொதுப்பிரிவில் நிறுத்திவிடுவார்கள். நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி கலந்தாய்வு மேசை வரை போய், அட்டையை நீட்டி, "இது செல்லாதும்மா" என்ற பதிலோடு இரவு ரயில் ஏறி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. எழுத்துக்கூட்டலே வேறாக இருப்பதும் உண்டு. உங்கள் சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழில் வர வேண்டும்.

இரண்டாவது, வருமானம். 8 லட்சம் என்ற வரம்பைக் கேட்டதும் "எங்கப்பா சம்பளம் தாண்டிருச்சே" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியர் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எந்த நிலைப் பதவியில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. அப்பா இளநிலை உதவியாளர், அம்மா சத்துணவு அமைப்பாளர் என்றால் இருவர் சம்பளமும் சேர்ந்து 8 லட்சத்தைத் தாண்டினாலும் நீங்கள் தகுதியானவர்தான். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மூன்றாவது, தேதி. சி.யு.இ.டி. விண்ணப்பம் குளிர்காலத்தில் வரும், தேர்வு மார்ச்சில் நடக்கும், சேர்க்கை அதற்குப் பிறகு. பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையின்போது அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைத்தான் கேட்கும். ஜனவரியில் வாங்கியது மே மாதம் பழசாகிவிடும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே மறுபடி 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகர்வதற்குள் தேர்தலோ ஜமாபந்தியோ வந்துவிட்டால் கதை கந்தல்.

நான் பழங்குடி. எனக்கும் தாசில்தாரிடம்தானா?

இல்லை. தமிழ்நாட்டில் எஸ்.டி. சான்றிதழ் தருவது வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். நேரடி விசாரணை உண்டு. அம்மா அப்பாவிடம் சான்றிதழ் இல்லாத இருளர், மலைக்குறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும். விண்ணப்ப அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்; பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலேயே தொடங்குங்கள். ரத்த உறவில் யாருக்காவது, சித்தப்பா மகனுக்காவது, சான்றிதழ் கிடைத்திருந்தால் அதன் நகலை இணையுங்கள். அருந்ததியர் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: மாநிலத்தின் எஸ்.சி.ஏ. உள்ஒதுக்கீடு மத்திய நிறுவனங்களில் கிடையாது. அங்கே எஸ்.சி. என்றே விண்ணப்பிக்க வேண்டும்.

படிவத்தில் 'சர்நேம்' கேட்கிறது. எனக்கு இனிஷியல்தான் இருக்கிறது!

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே படைத்த தொல்லை இது. பத்தாம் வகுப்புச் சான்றில் 'கவிதா மு', ஆதாரில் 'மு கவிதா', வங்கிப் புத்தகத்தில் 'கவிதா முருகன்', பட்டச் சான்றில் புள்ளியோடு 'மு.கவிதா'. நமக்கு நால்வரும் ஒருவர்தான். கணினிக்கு நால்வரும் நான்கு பேர்.

ஒரே விதி: பத்தாம் வகுப்புச் சான்றில் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். மற்ற எல்லாவற்றையும் அதற்கு இழுத்து வாருங்கள். முதலில் ஆதாரைத் திருத்துங்கள். சர்நேம் பெட்டியைக் காலியாக விட முடிந்தால் விடுங்கள். விடாது அடம்பிடித்தால் இனிஷியல் எழுத்தைப் போடுங்கள். அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதினால் அடுத்த சான்றிதழ் சரிபார்ப்பில் "இது யார்?" என்பார்கள். கல்யாணமான பெண்கள் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாற்றியிருந்தால் விண்ணப்பத்தில் பழைய இனிஷியலே இருக்கட்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் இதே தலைவலி வரும் என்பதால் மூன்றாம் ஆண்டிலேயே முடித்து வையுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இங்கிலீஷில் சமாளிக்க முடியுமா?

மழுப்பாமல் சொல்கிறேன். சி.யு.இ.டி.யிலும் நெட்டிலும் மொழிப் பாடங்கள் தவிர மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். இந்தி வீட்டுப் பிள்ளை தன் மொழியில் கேள்வியைப் படிக்கிறான். நம் பிள்ளை அன்னிய மொழியில் படித்துவிட்டு அப்புறம்தான் யோசிக்க வேண்டும். இது அநியாயம்தான். மாறும்வரை வழி என்ன?

கல்வியியல் தாளில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்கள் ஒரு நானூறு ஐந்நூறு இருக்கும். தமிழில் 'கற்றல் அடைவு', 'ஊக்குவித்தல்', 'கட்டமைப்புவாதம்' என்று நீங்கள் ஏற்கெனவே படித்தவைதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று எழுதிவாருங்கள். சி.யு.இ.டி.யில் 75 கேள்விகள், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. கேள்வி புரியவில்லை என்றால் தொடாதீர்கள். நெட்டில் கழிவு மதிப்பெண் இல்லை. இரண்டு தாளிலும் சேர்த்து 150 கேள்விகள், 3 மணி நேரம், ஒன்றையும் விடாதீர்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரை (எஸ்.ஓ.பி.) எழுதச் சொல்கிறார்கள். என்னிடம் எழுத ஒன்றுமே இல்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்ட யாரிடமும் ஒன்றும் இல்லாமல் இருந்ததில்லை.

ஒரு மாணவியின் முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "சிறு வயது முதலே எனக்கு ஆசிரியப் பணியின் மீது தீராத ஆர்வம் உண்டு. ஆசிரியப் பணி அறப்பணி." முழுப் பக்கமும் அப்படியே. தேர்வுக் குழுவில் இருப்பவர் ஒரு நாளில் இதையே நாற்பது தடவை படித்திருப்பார். நான் தாளை மூடி வைத்துவிட்டு, "ரெண்டு வருஷமா சாயங்காலம் என்ன பண்ணிட்டிருந்த?" என்று கேட்டேன். "இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா இருந்தேன் சார். மாசம் ஆயிரம் ரூபா. அதெல்லாம் போடலாமா?"

போடலாமாவா! 2021-ல், கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தொடங்கிய திட்டம் அது. வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகளை உட்கார வைத்தவள் அவள். அங்கே நடந்த ஏதாவது ஒன்றைச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடப் புத்தகத்தைச் சரளமாகப் படிப்பானாம். ஒருநாள் தற்செயலாக அவள் உள்ளங்கை படத்தின் மேல் இருந்திருக்கிறது. படிப்பு நின்றுவிட்டது. "அக்கா, கையை எடுங்க. அப்பத்தானே படிக்க முடியும்" என்றானாம். அன்றுதான் அவன் எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்துச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. மறுநாள் முதல் எல்லாப் பிள்ளைகளையும் படத்தை மூடிப் படிக்க வைத்துப் பார்த்தாள். ஏழு பேர் மாட்டினார்கள்.

இரண்டாவது பிரதி அந்த உள்ளங்கையில் தொடங்கியது. அந்த ஏழு பேரை என்ன செய்தாள், எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் பலிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாமல் போனது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு என்று முடிந்தது. 'அறப்பணி' என்ற சொல் எங்கும் இல்லை.

உங்களிடமும் ஒன்று இருக்கும். ஊர்த் தனிவகுப்பு, தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது, பி.எட். பயிற்சிப் பள்ளியில் சொதப்பிய வகுப்பு, கட்டுமான இடத்தில் வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளையோடு பேசியது. வறுமையைப் பற்றி எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதுங்கள், இரண்டு வரியில். கண்ணீர் வரவழைக்கும் போட்டி அல்ல இது. அப்பா கூலிவேலைக்குப் போனார் என்பதைவிட, அதனால் நீங்கள் வகுப்பறையில் எதைக் கவனிக்கக் கற்றீர்கள் என்பதுதான் குழுவுக்கு வேண்டும்.

முதலில் தமிழிலேயே எழுதுங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் தெரிந்த வாக்கியங்களைத்தான் எழுதுவீர்கள், நடந்ததை எழுதமாட்டீர்கள்.

இரண்டாயிரம் கொடுத்தால் எழுதித் தருகிறார்களே?

தருகிறார்கள். நேர்காணலில் "மூன்றாம் பத்தியில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் விளக்குங்கள்" என்பார்கள். அந்த நேரத்தில் எழுதித் தந்தவர் பக்கத்தில் இருக்கமாட்டார். கைபேசிச் செயலி எழுதித் தந்ததற்கும் இதே கதிதான்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால் பேராசிரியர் "நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடுறேன்" என்கிறார்.

எங்கள் தொழிலில் நடக்கும் பெரிய சோம்பேறித்தனம் இது. நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். கடிதமாக எழுதிக்கொண்டு போகாதீர்கள்; ஒரு பக்கக் குறிப்பாகக் கொண்டுபோங்கள். அவரிடம் எந்த ஆண்டு எந்தத் தாள் படித்தீர்கள், எந்தக் கருத்தரங்கில் என்ன பேசினீர்கள், எந்தப் பயிற்சி வகுப்பை அவர் பின்னால் உட்கார்ந்து பார்த்தார், கடைசித் தேதி என்ன, எந்த மின்னஞ்சலுக்கு இணைப்பு வரும். குறிப்பு கையில் இருந்தால் பெரும்பாலோர் எழுதிவிடுவார்கள். துறைத் தலைவர்தான் தர வேண்டும் என்பதில்லை. உங்கள் பெயர் தெரிந்த இளம் உதவிப் பேராசிரியரின் பத்து வரி, பெயர் தெரியாத முதல்வரின் ஒரு பக்கத்தைவிட மேல்.

அமெரிக்காவில் இப்படி விண்ணப்பத்துக்குக் கைகொடுக்கவென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 1990-ல் மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் பிலிப்ஸ் அகாதமியில் தொடங்கிய 'இன்ஸ்டிடியூட் ஃபார் ரெக்ரூட்மென்ட் ஆஃப் டீச்சர்ஸ்'. வெள்ளையரல்லாத பின்னணிகளிலிருந்து ஆசிரியராக விரும்பும் இளைஞர்களுக்கு விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தித் தருவது, அவர்களோடு இணைந்த பல்கலைக்கழகங்களில் விண்ணப்பக் கட்டண விலக்கு வாங்கித் தருவது எல்லாம் அவர்கள் வேலை. நம்மிடம் டீக்கடை பெஞ்சு இருக்கிறது.

பணம்?

புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் முதுகலைக்குத் தொடராது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. தொகை தாமதமாக வரும் என்பதால் முதல் பருவக் கட்டணத்துக்கு வேறு வழி பார்த்து வையுங்கள். அசீம் பிரேம்ஜியில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்திலும் தங்குமிடச் செலவிலும் உதவுகிறார்கள். கட்டணப் பட்டியலைப் பார்த்த உடனே பயந்து பக்கத்தை மூடிவிடாதீர்கள்.

முனைவர் படிப்புக்கு நெட்டில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 30, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர், பெண்கள் எல்லோருக்கும் 5 ஆண்டு தளர்வு. எஸ்.சி., ஓ.பி.சி. பிரிவுகளுக்கு நெட் அடிப்படையில் தனித் தேசிய ஆய்வு உதவித்தொகைகளும் உண்டு; எஸ்.டி. பிரிவுக்கும் தனி உதவித்தொகை உண்டு. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 இறுதியில் நிறுத்திவிட்டார்கள். பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டு அதைத் தேடி அலையாதீர்கள்.

எனக்குப் பார்வை இல்லை. தேர்வு எப்படி?

உயர்கல்வி நிறுவனங்களில் 2016 சட்டப்படி 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் துணையாளரும் உங்கள் உரிமை. விண்ணப்பத்திலேயே அதைக் குறிக்க மறந்தால் தேர்வு மையத்தில் சண்டை போட வேண்டிவரும். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். துணையாளரோடு முன்கூட்டியே ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள். வரைபடக் கேள்வியை அவர் எப்படி வாய்விட்டுச் சொல்கிறார் என்பதில்தான் பல மதிப்பெண்கள் போகின்றன.

நான் திருநங்கை. சான்றிதழ்களில் பழைய பெயர் இருக்கிறது.

மாவட்ட ஆட்சியர் வழியாக வழங்கும் திருநர் அடையாளச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். அதை வைத்துத்தான் மற்றவற்றைத் திருத்த முடியும். பள்ளிச் சான்றுகள் திருந்த நாளாகும். அதுவரை பழைய சான்றோடு அடையாளச் சான்றையும் சேர்த்தே கொடுங்கள். விடுதி பற்றிச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். தொலைபேசியில் "பாத்துக்கலாம்" என்று சொன்னவர் ஜூலையில் வேறு இடத்துக்கு மாற்றலாகியிருப்பார்.

வெளிநாடு போக முடியுமா?

எஸ்.சி., சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர் குடும்பங்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது: ஆண்டுக்கு 125 இடம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், 60 சதவீத மதிப்பெண். ஆனால் 2022 விதிகளின்படி இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூக ஆய்வு சார்ந்த தலைப்புகளுக்குத் தடை. தன் ஊர்ப் பள்ளியைப் பற்றி ஆய்வு செய்ய நினைக்கும் பிள்ளைக்கு அந்த வாசலை ஏன் சாத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆய்வுத் தலைப்பை எழுதும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

வயது 34, இரண்டு பிள்ளைகள். இனிமேலா?

உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட்டுக்கு வயது வரம்பே கிடையாது. இடைப்பட்ட ஆண்டுகளை மறைக்காமல் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் வெளியூர் அனுப்பமாட்டேன் என்கிறார்கள்.

தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை. முடிந்தால் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். போன ஆண்டு தருமபுரிப் பக்கத்து அப்பா ஒருவரை நான் கூட்டிப் போனேன். நூலகத்தைக் காட்டினேன், வகுப்பறையைக் காட்டினேன், பேசாமல் வந்தார். மகளிர் விடுதி வாசலில் வார்டன் அம்மாவிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி நாள் முழுக்க வருமுங்களா?" வரும் என்றார் அந்த அம்மா. மகளைத் திரும்பிப் பார்த்து, "பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டா வாங்கணும்" என்றார்.